பழைய கேம், புதிய கம்ப்யூட்டர்: ஃப்ரேம் ஏன் ஏற மாட்டேன் என்கிறது?

2008 டிசம்பரில் பிசிக்கு வந்த ஜிடிஏ 4-ஐ இன்றைய நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டுப் பாருங்கள். அதே கம்ப்யூட்டரில் போன வருடம் வந்த கேம் சிக்கலே இல்லாமல் ஓடும், இது மட்டும் நெரிசலான தெருவுக்குள் வண்டியைத் திருப்பியதும் மளமளவென்று ஃப்ரேம் (விநாடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை, அதாவது எஃப்.பி.எஸ்.) இறங்கும். உடனே எல்லாரும் செய்வது ஒன்றுதான்: செட்டிங்ஸுக்குப் போய் ரெசல்யூஷனைக் குறைப்பது, டெக்ஸ்ச்சரை (பொருட்களின் மேல் போர்த்தும் படங்களை) "லோ"வில் வைப்பது. படம் அசிங்கமாகும், எஃப்.பி.எஸ். அப்படியே இருக்கும். அடுத்த யோசனை இன்னும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா என்பது. வேண்டாம், முதலில் இதைப் படியுங்கள்.

பழைய கேம் மெதுவாக ஓடுவதற்கும் உங்கள் கார்டின் பலத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, வேலை வந்தால் செய்யலாம் என்று. வேலையை அனுப்ப வேண்டியவர் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறார். அவர் எங்கே மாட்டிக்கொண்டார் என்று கண்டுபிடிப்பதுதான் முழு விஷயமும். கண்டுபிடித்துவிட்டால் தீர்வு அநேகமாக கேம் ஃபோல்டருக்குள் போடும் ஒரு சின்ன ஃபைலாகத்தான் இருக்கும், செலவும் கிடையாது.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஃப்ரேம் இறங்கும் இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனை 1920×1080-லிருந்து 800×600-க்கு மாற்றுங்கள். கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் கால்பங்குக்கும் கீழே போய்விட்டன. அப்படியும் எஃப்.பி.எஸ். அசையவில்லை என்றால் தடை கார்டில் இல்லை, பிராசஸர் பக்கம் இருக்கிறது. இதற்கு நேர்மாறான நல்ல செய்தியும் இதிலேயே உண்டு: அசையவில்லை என்றால் 4கே-க்கு ஏற்றினாலும் பெரும்பாலும் அசையாது, ஆகவே படத்தை அழகாக்குவது உங்களுக்குக் கிட்டத்தட்ட இலவசம்.

இங்கே டாஸ்க் மேனேஜர் பலரை ஏமாற்றுகிறது. திறந்து பார்த்தால் "சிபியு 13%" என்று காட்டும், அப்போ பிராசஸரும் சும்மாதானே இருக்கிறது என்று தோன்றும். எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள பிராசஸரில் ஒரே ஒரு திரெட் முழு மூச்சாக ஓடினால் மொத்தக் கணக்கில் அது 12.5 சதவீதம்தான். பதினாறு திரெட் என்றால் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த ஒற்றை திரெட்டை விண்டோஸ் ஒரு கோரிலிருந்து (பிராசஸருக்குள் உள்ள தனி வேலைப் பிரிவு) இன்னொரு கோருக்கு மாற்றி மாற்றிப் போடுவதால், தனித்தனி கோர் கிராஃபைப் பார்த்தாலும் எதுவும் 100-ஐத் தொட்டதாகத் தெரியாது. பந்தியில் எட்டுப் பேர் நிற்கிறார்கள், ஆனால் சாம்பார் வாளி ஒன்றுதான். மற்ற ஏழு பேரும் வேடிக்கை பார்ப்பதை நாம் "வேலை இல்லை" என்று எழுதிக்கொள்கிறோம்.

ஏன் ஒரே திரெட்டில் எழுதினார்கள் என்று அந்தக் கால புரோகிராமர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. 2000-களின் தொடக்கத்தில் பிராசஸரின் கிளாக் வருடா வருடம் ஏறிக்கொண்டே இருந்தது, கேம் இரண்டு மூன்று வருடம் தயாராகி வெளியே வருவதற்குள் வேகம் தானாக வந்துவிடும் என்று நம்பி எழுதலாம். பென்டியம் 4-க்கு அடுத்து வரவிருந்த டெஜாஸ் என்ற சிப்பை இன்டெல் 2004-ல் கைவிட்டது. அறிவித்திருந்த 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐயும் அதே வருடம் ரத்து செய்தது. அந்த வரிசை 3.8-லேயே நின்றுபோனது, காரணம் சூடு. அதற்கப்புறம் வந்த முன்னேற்றம் பெரும்பாலும் கோர்களை அதிகப்படுத்துவதில்தான் போனது. பழைய கேமுக்கு அந்தக் கோர்களை எப்படிப் பயன்படுத்துவது என்றே தெரியாது. 2007-ல் வந்த கிரைசிஸ் இன்றும் சில இடங்களில் புத்தம் புதிய மெஷின்களைத் திணறவைப்பது இதனால்தான், அதன் கிராஃபிக்ஸ் இன்னும் "கனமானது" என்பதால் இல்லை.

இந்த வகை கேமுக்காகவே பிராசஸர் வாங்குகிறவர் யாராவது இருந்தால், கோர் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒற்றை கோரின் வேகத்தையும் கேஷையும் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) பாருங்கள். 2022-ல் வந்த ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில் 96 எம்பி எல்3 கேஷ் இருந்தது. பழைய கேம்களில் அது அவ்வளவு எடுபட்டதற்குக் காரணம், கேம் திரும்பத் திரும்பத் தேடும் டேட்டாவில் பெரும்பகுதி ராமுக்குப் போகாமல் சிப்புக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது என்பதுதான்.

புதிதாக எதுவும் வாங்காதவர்களுக்கு முதல் வேலை, எந்த செட்டிங் யாருடைய தலையில் விழுகிறது என்று தெரிந்துகொள்வது. ரெசல்யூஷன், டெக்ஸ்ச்சர், ஆன்டி-அலயாசிங் (ஓரங்களின் படிக்கட்டுத் தோற்றத்தை மழுப்புவது), அனிசோட்ராபிக் ஃபில்டரிங் (சாய்வாகத் தெரியும் தரையைத் தெளிவாக்குவது) எல்லாம் கார்டின் வேலை. அதை ஏற்றியே வையுங்கள். எவ்வளவு தூரம் தெரிய வேண்டும், தெருவில் எத்தனை வண்டி, எத்தனை ஆள், எத்தனை பொருளுக்கு நிழல் என்பதெல்லாம் பிராசஸரின் வேலை. ஜிடிஏ 4-ல் வியூ டிஸ்டன்ஸ், டீடெய்ல் டிஸ்டன்ஸ், வெஹிகிள் டென்சிட்டி, ஷேடோ டென்சிட்டி என்ற நான்கையும் இழுத்துக் குறைத்தால் உடனே வித்தியாசம் தெரியும். நிழலும் கண்ணாடிப் பிரதிபலிப்பும் ஏன் அவ்வளவு விலை என்றால், அதே பொருட்களை வெளிச்சத்தின் பக்கமிருந்து ஒரு தடவை, கண்ணாடியின் பக்கமிருந்து ஒரு தடவை என்று மறுபடி வரையச் சொல்ல வேண்டும்.

அந்த "வரையச் சொல்வது"தான் டைரக்ட்எக்ஸ் 9 (விண்டோஸில் கேம் கார்டோடு பேசும் வழி) கால கேம்களின் பெரிய வியாதி. ஒரு விளக்குக் கம்பம், ஒரு குப்பைத்தொட்டி, ஒரு கார் கதவு என ஒவ்வொன்றுக்கும் கேம் கார்டுக்கு ஒரு உத்தரவு அனுப்புகிறது, அதை டிரா கால் என்பார்கள். கார்டு அதை வரைவதற்கு எடுக்கும் நேரம் கொஞ்சம்தான். உத்தரவைச் சரிபார்த்து, மொழிபெயர்த்து, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) வழியாக அனுப்புவதற்கு பிராசஸர் எடுக்கும் நேரம்தான் அதிகம். 2003-லேயே என்விடியா ஆட்கள் கேம் எழுதுகிறவர்களிடம் "உத்தரவுகளைச் சேர்த்து மொத்தமாக அனுப்புங்கள்" என்று கெஞ்சியிருக்கிறார்கள். எல்லாரும் கேட்கவில்லை, குறிப்பாக கன்சோலிலிருந்து அவசரமாக பிசிக்குக் கொண்டுவந்தவர்கள்.

இங்கேதான் டிஎக்ஸ்விகே வருகிறது. லினக்ஸில் விண்டோஸ் கேம்களை ஓட்டுவதற்காக பிலிப் ரேபோலே என்பவர் தொடங்கிய திட்டம் இது. டைரக்ட்3டி (டைரக்ட்எக்ஸின் 3டி பகுதி) உத்தரவுகளை வாங்கி வல்கன் (கார்டோடு பேசும் இன்னொரு, புதிய வழி) உத்தரவுகளாக மாற்றும். 2018-லிருந்து வால்வ் நிறுவனத்தின் புரோட்டானுக்குள் (லினக்ஸில் விண்டோஸ் கேம்களை ஓட்டும் கருவி) இருப்பதும் இதுதான், அவர்களின் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக்கில் பல கேம்கள் ஓடுவதும் இதனால்தான். தொடக்கத்தில் டைரக்ட்எக்ஸ் 11-க்காக எழுதினார்கள். 2019 கடைசியில் 9-ம், 2024-ல் 8-ம் சேர்ந்தன. விண்டோஸ்காரர்கள் கண்டுபிடித்த வேடிக்கை என்னவென்றால், இந்த லினக்ஸ் கருவியை விண்டோஸிலேயே போட்டாலும் சில கேம்கள் முன்பைவிட நன்றாக ஓடுகின்றன. நடுவில் இன்னொரு அடுக்கைச் செருகினால் மெதுவாகத்தானே ஆக வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் கார்டு கம்பெனிகள் இன்று டைரக்ட்எக்ஸ் 9 டிரைவரை மெருகேற்ற ஆள் போடுவதில்லை, வல்கனுக்குப் போடுகிறார்கள். கவனிப்பு இல்லாத பழைய வழியைவிட, கவனிப்புள்ள புதிய வழியில் ஒரு மொழிபெயர்ப்பாளரோடு போவது சீக்கிரம் முடிகிறது, அவ்வளவுதான். ஜிடிஏ 4 இதற்குப் பேர்போன உதாரணம். சராசரி எஃப்.பி.எஸ். ஏறுகிறதோ இல்லையோ, திடீர் திடீரென்று வரும் வெட்டல் பலருக்கும் நன்றாகவே குறைகிறது.

போடுவது எளிது. டவுன்லோடு செய்த தொகுப்பில் எக்ஸ்32, எக்ஸ்64 என்று இரண்டு ஃபோல்டர் இருக்கும். உள்ளே உள்ள டி3டி9.டிஎல்எல் ஃபைலை, கேமின் இஎக்ஸ்இ இருக்கும் இடத்தில் வைத்தால் போதும். உங்கள் விண்டோஸ் 64 பிட் என்பதற்காக எக்ஸ்64-ஐ எடுக்காதீர்கள், பார்க்க வேண்டியது கேம் எத்தனை பிட் என்பதை, பழையது அநேகமாக 32 தான். கார்டு ரொம்பப் பழையது, வல்கன் 1.3 இல்லை என்றால் 2-ம் வரிசைப் பதிப்புகள் ஓடாது, 1.10.3-ஐத் தேடுங்கள். பிடிக்கவில்லையா, ஃபைலை அழித்துவிட்டால் கேம் பழையபடி ஆகிவிடும். முதல் தடவை புதிய இடங்களுக்குப் போகும்போது ஷேடர் (கார்டில் ஓடும் சின்ன நிரல்) தயாராவதால் கொஞ்சம் தடுக்கும், அதைப் பார்த்து உடனே முடிவுக்கு வந்துவிட வேண்டாம். ஆனால் ஒன்று, ஆன்டி-சீட் (ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருள்) உள்ள ஆன்லைன் கேமில் இந்த மாதிரி டிஎல்எல் எதையும் வைக்காதீர்கள், அக்கவுண்ட் போய்விட்டால் திரும்ப வாங்குவது கஷ்டம்.

டிரைவர் எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும் என்பதற்கு நல்ல சாட்சி இன்டெல் ஆர்க் கார்டுகள். 2022-ல் வந்தபோது அவற்றில் டைரக்ட்எக்ஸ் 9-க்கு நேரடி ஆதரவே கிடையாது. மைக்ரோசாஃப்டின் மொழிபெயர்ப்பு அடுக்கு வழியாக டைரக்ட்எக்ஸ் 12-ல் ஓட்டினார்கள். பழைய கேம்கள் பரிதாபமாக ஓடின. அந்த வருட டிசம்பரில் வேறு முறைக்கு மாறிய டிரைவர் வந்தது, சில டைரக்ட்எக்ஸ் 9 கேம்களில் 1.8 மடங்கு வரை ஏற்றம் என்று இன்டெல் சொன்னது. கார்டு அதே கார்டு, கேம் அதே கேம்.

2டி கேம்களின் கதை வேறு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ரெட் அலர்ட் 2 மாதிரியானவை டைரக்ட்டிரா (டைரக்ட்எக்ஸின் பழைய 2டி பகுதி) காலத்தவை. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் பிராசஸரே எழுதும், சில சமயம் வீடியோ மெமரியிலிருந்து திரும்பப் படிக்கவும் செய்யும். அந்தக் காலத்தில் அது இயல்பு. இன்றைய கார்டில் எழுதுவது வேகம், திரும்பப் படிப்பது ஆமை வேகம். விண்டோஸ் 8-லிருந்து டெஸ்க்டாப்பைக் கோக்கும் டிடபிள்யூஎம்-ஐ அணைக்கவும் முடியாது, 256 வண்ணமும் 16 பிட் வண்ணமும் பாவனையாகத்தான் கிடைக்கின்றன. அதனால்தான் ஐந்நூறு மெகாஹெர்ட்ஸ் பெட்டியில் பிரமாதமாக ஓடிய ரெட் அலர்ட் 2-ன் மெனுவில் இப்போது மவுஸ் கூட நகர அடம்பிடிக்கிறது. (விண்டோஸ் 7 காலத்தில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் புல்வெளி ஊதாவாகவும் தண்ணீர் பச்சையாகவும் தெரிய, எக்ஸ்ப்ளோரரை டாஸ்க் மேனேஜரில் கொன்றுவிட்டு விளையாடியவர்களுக்கு இந்த 256 வண்ண வரலாறு நன்றாகவே நினைவிருக்கும்.) இவற்றுக்கு சிஎன்சி-டிடிரா என்ற இலவசக் கருவி போதும், டைரக்ட்டிராவை வாங்கி ஓபன்ஜிஎல் அல்லது டைரக்ட்3டி 9-ஆகக் காட்டும். அதற்கும் டைரக்ட்எக்ஸ் 9-க்கும் இடைப்பட்ட 3டி கேம்களுக்கும், 3டிஎஃப்எக்ஸ் என்ற பழைய கார்டு கம்பெனியின் கிளைடு வழியில் எழுதிய கேம்களுக்கும் டிஜிவூடூ 2 என்ற கருவி. அதை ஆன்டிவைரஸ் சில சமயம் சந்தேகப்படும், ஆகவே எழுதியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

தடை எங்கே என்று ஊகிக்கவே முடியாத கேம்களும் உண்டு. எனக்குப் பிடித்த உதாரணம் 2005-ல் வந்த எஃப்.ஈ.ஏ.ஆர். ஆரம்பத்தில் நன்றாக ஓடும், போகப் போக எஃப்.பி.எஸ். தேய்ந்துகொண்டே வரும், கேமை மூடித் திறந்தால் மறுபடி சரியாகும். கார்டு சூடாகிறது என்று நினைத்து ஃபேன் மாற்றியவர்கள் கூட இருக்கலாம். காரணம் யுஎஸ்பி-யில் செருகியிருக்கும் மவுஸும் கீபோர்டும்! டைரக்ட்இன்புட் (டைரக்ட்எக்ஸின் மவுஸ், கீபோர்டு பகுதி) வழியாக இந்த எச்ஐடி (மவுஸ், கீபோர்டு வகை) சாதனங்களைக் கேம் கையாளும் விதத்தில் உள்ள ஒரு குளறுபடி, நேரம் ஆக ஆக மெயின் திரெட்டைத் தின்கிறது. டிவைஸ் மேனேஜரில் தேவையில்லாத எச்ஐடி சாதனங்களை முடக்குவது பழைய வைத்தியம், ரசிகர் ஒருவர் எழுதிய டிஇன்புட்8 டிஎல்எல் ஒன்றை ஃபோல்டரில் போடுவது புதிய வைத்தியம். எந்த கிராஃபிக்ஸ் செட்டிங்கும் இதைத் தொடாது. அதேபோல விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் செய்தி அனுப்பும் கேமிங் மவுஸை ஆட்டினால் மட்டும் தடுக்கும் பழைய கேம்களும் இருக்கின்றன, மவுஸின் போலிங் ரேட்டை 125 ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், புதிய கார்டு வாங்கியதாலேயே மெதுவாகும் கேம்களும் உண்டு. என்விடியா ஆர்.டி.எக்ஸ் 50 வரிசை 2025 தொடக்கத்தில் வந்தபோது 32 பிட் பிஸ்எக்ஸ் (பொருட்கள் உடைவது, அசைவது போன்றவற்றைக் கணக்கிடும் மென்பொருள்) ஆதரவை நீக்கிவிட்டார்கள். மிரர்ஸ் எட்ஜ், பேட்மேன் ஆர்க்கம் சிட்டி, பார்டர்லேண்ட்ஸ் 2 போன்றவற்றில் கண்ணாடி உடைவது, புகை, துணி அசைவதெல்லாம் கார்டில் நடந்துகொண்டிருந்தது; அது பிராசஸருக்கு வந்தது. பிராசஸர் பக்கத்துப் பழைய பிஸ்எக்ஸ் எக்ஸ்87 என்ற பழங்கால கட்டளைகளில் எழுதப்பட்டது என்று 2010-லேயே விமர்சனம் இருந்தது. விளைவாக, லட்சக்கணக்கில் விலையுள்ள கார்டில் கண்ணாடி ஒன்று உடைந்தால் ஃப்ரேம் பாதாளத்துக்குப் போனது. எதிர்ப்பு கிளம்பி, அந்த வருடக் கடைசியில் குறிப்பிட்ட சில கேம்களுக்கு மட்டும் ஆதரவைத் திரும்பக் கொடுத்தார்கள். பட்டியலில் இல்லாத கேம் என்றால் பிஸ்எக்ஸை அணைத்துவிடுங்கள், அல்லது மூலையில் கிடக்கும் பழைய என்விடியா கார்டை இரண்டாவதாகச் செருகி பிஸ்எக்ஸுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

லேப்டாப்காரர்கள் இதற்கெல்லாம் முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும்: கேம் எந்தக் கார்டில் ஓடுகிறது? பழைய கேமின் பெயர் டிரைவருக்குத் தெரியாவிட்டால், அது பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸிலேயே ஓட்டிவிடலாம். விண்டோஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் அந்த இஎக்ஸ்இ-யைச் சேர்த்து "ஹை பெர்ஃபார்மன்ஸ்" கொடுங்கள். டெஸ்க்டாப்பிலும் இதன் தம்பி ஒன்று உண்டு. கேம் லேசாக இருப்பதால் கார்டு தன் கிளாக்கைக் குறைத்துக்கொண்டு தூங்கும், திடீரென்று வேலை வரும்போது விழித்துக்கொள்ளத் தாமதமாகும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் அந்தக் கேமுக்கு மட்டும் பவர் மேனேஜ்மென்டை அதிகபட்சத்தில் வைத்தால் சரியாகும், எல்லா கேமுக்கும் வைக்காதீர்கள், கரன்ட் பில் உங்களுடையது.

எஃப்.பி.எஸ். 32 அல்லது 64-க்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நகரவே இல்லை என்றால் டைமரைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸின் இயல்பான கடிகாரத் துடிப்பு 15.6 மில்லிசெகண்டுக்கு ஒன்று, அதாவது விநாடிக்கு 64. ஒரு மில்லிசெகண்ட் தூங்குகிறேன் என்று சொல்லும் கேம் அடுத்த துடிப்பு வரை தூங்கிவிடலாம். முன்பெல்லாம் பின்னால் திறந்திருக்கும் பிரவுசரோ வேறு எதுவோ துடிப்பை வேகப்படுத்தச் சொன்னால் அது கம்ப்யூட்டர் முழுக்கச் செல்லுபடியாகும், கேமும் அந்தப் புண்ணியத்தில் நன்றாக ஓடும். 2020-ல் வந்த விண்டோஸ் 10-ன் 2004 பதிப்பிலிருந்து, யார் கேட்டார்களோ அவர்களுக்கு மட்டும்தான். போன வருடம் வரை சரியாக ஓடியது அப்டேட்டுக்குப் பிறகு மோசமாகிவிட்டது என்ற புலம்பல்களில் சிலவற்றுக்கு இது காரணம். ரசிகர்கள் எழுதிய சில திருத்தங்கள் (ஃபேன் பேட்ச்) கேமுக்குப் பதிலாகத் தாமே அந்தக் கோரிக்கையை வைத்துவிடுகின்றன.

"கேம் பூஸ்டர்" என்ற பெயரில் வரும் ஆப்களைப் பற்றி ஒரே வரி: ராமைக் காலி செய்வதால் ஒற்றை திரெட்டின் வேகம் கூடாது, அழித்துவிடுங்கள்.

சரி, எல்லாம் செய்து ஃப்ரேம் ஏறிவிட்டது. எவ்வளவு வரை ஏற்றலாம்? இங்கேதான் பழைய கேம்கள் நம்மைத் திருப்பி அடிக்கின்றன, ஏனென்றால் பலவற்றில் கேமின் கணக்கே ஃப்ரேமோடு கட்டப்பட்டிருக்கிறது. பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்து நம்மில் பலருக்குத் தெரிந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் ஃப்ரேம் லிமிட்டர் 25-ல் நிறுத்துகிறது. அதை அணைத்தால் கண்ணுக்கு அழகு, ஆனால் எஃப்.பி.எஸ். ஏற ஏற கேமின் நாயகன் சிஜே தண்ணீரில் நீந்துவது நத்தை வேகமாகிவிடும். ஜிடிஏ 4-ன் கடைசி மிஷனில் ஹெலிகாப்டரில் தொங்கியபடி பட்டனை அழுத்தி ஏற வேண்டிய இடத்தில், ஃப்ரேம் அதிகமாக இருந்தால் எவ்வளவு குத்தினாலும் ஏற முடியாது. 30-க்குப் பூட்டிவிட்டு ஏறியவர்கள் ஏராளம். ஸ்கைரிமில் 60-ஐத் தாண்டினால் ஆரம்பக் காட்சி மாட்டுவண்டியே குட்டிக்கரணம் போடும். டார்க் சோல்ஸ் 2 பிசியில் 60-ல் ஓடியபோது ஆயுதங்கள் கன்சோலைவிட இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்தன, அதைச் சரிசெய்ய ஒரு வருடம் ஆனது. குவேக் 3-ல் மட்டும் இதுவே வரமாக முடிந்தது: ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேகத்தை முழு எண்ணுக்கு மாற்றும் கணக்கால் 125 எஃப்.பி.எஸ்.-ல் குதி கொஞ்சம் உயரமாகும், போட்டிக்காரர்கள் எல்லாரும் 125-லேயே விளையாடினார்கள்.

ஆகவே உங்கள் கேமுக்கு எது உச்சவரம்பு என்று முதலில் தேடிப் பார்த்து, அங்கே பூட்டுங்கள். கேமின் சொந்த லிமிட்டர் பெரும்பாலும் மட்டமானது. ரிவாடியூனரின் ஆர்டிஎஸ்எஸ் என்ற கருவி, என்விடியா கன்ட்ரோல் பேனலில் உள்ள மேக்ஸ் ஃப்ரேம் ரேட், டிஎக்ஸ்விகே போட்டிருந்தால் அதன் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி, இவற்றில் ஏதாவது ஒன்று போதும், இரண்டைச் சேர்த்துப் போட்டால் ஒன்றோடொன்று சண்டை போடும். ஆர்டிஎஸ்எஸ்-ல் எஃப்.பி.எஸ். எண்ணோடு ஃப்ரேம் டைம் கோட்டையும் திரையில் போடுங்கள். 60 எஃப்.பி.எஸ். என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் 16.7 மில்லிசெகண்டில் வர வேண்டும். எண் 60 என்று காட்டும்போதே கோடு முள்முள்ளாகத் தெரிந்தால் கண்ணுக்கு அது 40 மாதிரிதான் இருக்கும். விஆர்ஆர் (கேமின் ஃப்ரேமுக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) இல்லாத மானிட்டரில் 70-க்கும் 50-க்கும் இடையே ஆடுவதைவிட 30-லோ 60-லோ நேர்கோடாக நிற்பது மேல். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருந்தால், பழைய கேம் முழுத்திரையில் அதை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுகிறதா என்பதையும் மானிட்டரின் சொந்த மெனுவில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இறக்கினால் பார்டர்லெஸ் விண்டோவில் (திரையை நிரப்பும் ஓரமில்லாத ஜன்னலில்) ஓட்டுங்கள்.